'பாசிட்டிவ்': எந்தக் கேள்விக்கு விடை?

ஒரே தாளில் ஒரே சொல் மூன்று இடங்களில் அச்சாகியிருந்தது. கருவுற்ற இளம்பெண் ஒருவரின் பரிசோதனை முடிவு அது. சிறுநீர்ப் பரிசோதனைக்கு எதிரே 'பாசிட்டிவ்'. ரத்த வகைக்கு எதிரே 'ஓ பாசிட்டிவ்'. அதற்குக் கீழே, கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் வழக்கமாகச் செய்யப்படும் 'வி.டி.ஆர்.எல்.' என்கிற முதல்கட்டச் சோதனைக்கு எதிரே மீண்டும் 'பாசிட்டிவ்'. முதலாவது சொல் அந்தக் குடும்பத்துக்கு மகிழ்ச்சியைத் தந்தது. இரண்டாவதை எவரும் பொருட்படுத்தவில்லை. மூன்றாவது அந்த வீட்டையே புரட்டிப்போட்டது. அது சிபிலிஸ் என்னும் பால்வினை நோயைத் தேடும் சோதனை.

நான்கு நாள்கள் கழித்து வேறொரு முறையில் செய்யப்பட்ட மறுசோதனையில் அந்த நோய் இல்லை என்பது தெளிவாயிற்று. கருவுற்றிருக்கும் காலத்தில் வி.டி.ஆர்.எல். சோதனை சில வேளைகளில் நோய் இல்லாதபோதும் இவ்வாறு காட்டுவதுண்டு. மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்திதான் இது. ஆனால், அதற்குள் அந்தப் பெண் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். அந்த நான்கு நாள்களில் அவரை நோக்கிச் சொல்லப்பட்ட சொற்கள் எதையும் இரண்டாவது தாளால் திரும்பப் பெற முடியவில்லை.

முதல் தாளில் கையொப்பமிட்டவன் நான். மருத்துவ ஆய்வகத்தில் முடிவுகளைச் சரிபார்த்து அனுப்பும் பொறுப்பில் பல்லாண்டுகள் இருந்தவன். சோதனையில் பிழை இல்லை. தாளில் அச்சான சொல்லிலும் தொழில்முறைப்படி பிழை இல்லை. எனினும், அந்தச் சொல் எங்கள் மேசையில் ஒரு பொருளையும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் வேறொரு பொருளையும் தந்தது. அன்று முதல் அந்த ஒற்றைப் பெயரடையைப் பற்றிச் சிந்தித்து வருகிறேன்.

அறிவியலில் 'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்கு 'நல்லது' என்ற பொருள் இல்லை. 'கெட்டது' என்ற பொருளும் இல்லை. 'உறுதி' என்ற பொருளும் இல்லை. இம்மூன்றில் ஏதேனும் ஒன்றாக அதை எடுத்துக்கொள்வதால் ஏற்படும் துன்பங்கள் ஏராளம். அப்படியானால் அதன் பொருள்தான் என்ன?

இச்சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. வைத்தல், இடுதல், நிறுவுதல் ஆகிய பொருள்களைத் தரும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது அது. ஆங்கிலத்தில் அதன் பழைய பயன்பாடுகளுள் ஒன்று சட்டத் துறையைச் சார்ந்தது. இயற்கையாகவே அமைந்த அறத்திலிருந்து வேறுபடுத்தி, மனிதர்களால் இயற்றி நிறுவப்பட்ட சட்டத்தை 'பாசிட்டிவ்' சட்டம் என்றனர். அந்தச் சட்டம் நல்லதாகவும் இருக்கலாம், கொடியதாகவும் இருக்கலாம். 'இயற்றி வைக்கப்பட்டது' என்பதற்கு மேல் அந்த அடைமொழி எதையும் சொல்லவில்லை. பிரெஞ்சு சிந்தனையாளர் அகஸ்ட் கோம்ட் 1830 முதல் 1842 வரை எழுதி வெளியிட்ட தத்துவ நூல் வரிசைக்கு இதே சொல்லைச் சூட்டினார். கண்கூடான உண்மைகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட அறிவு என்பது அவர் கருதிய பொருள்.

கணிதத்தில் இந்தச் சொல்லுக்கு இணையான கருத்து நம் நாட்டில் மிகப் பழமையானது. பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் இயற்றிய நூலில் இருவகை எண்களுக்கான விதிகளை வகுத்தபோது, ஒன்றைச் செல்வம் என்னும் பொருள்படும் 'தனம்' என்றும், மற்றொன்றைக் கடன் என்னும் பொருள்படும் 'ருணம்' என்றும் அழைத்தார். தமிழ்ப் பாடநூல்கள் இவற்றை 'மிகை எண்', 'குறை எண்' என்கின்றன. செல்வம் விரும்பத்தக்கது, கடன் வேண்டாதது என்ற உணர்வு அந்தப் பழைய பெயர்களில் இருக்கிறது. ஆனால், கணக்குக்கு அந்த உணர்வு கிடையாது. பூச்சியத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்பதுதான் அங்கே செய்தி.

மின்னியலில் இச்சொல் நுழைந்த கதை இன்னும் சுவையானது. அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1747-ஆம் ஆண்டுவாக்கில் மின்சாரத்தை ஒருவகைப் பாய்மமாகக் கற்பனை செய்தார். அந்தப் பாய்மம் மிகுந்திருக்கும் பொருளை 'பாசிட்டிவ்' என்றும், குறைந்திருக்கும் பொருளை 'நெகட்டிவ்' என்றும் குறித்தார். எதில் மிகுதி, எதில் குறைவு என்று கண்டறிய அன்று வழியில்லை. ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டிய நிலையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1897-இல் ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். கம்பிகளில் ஓடுவது அந்த எலெக்ட்ரான்தான் என்பதும், பிராங்க்ளினின் கணக்குப்படி அது 'நெகட்டிவ்' பக்கத்தைச் சேர்ந்தது என்பதும் தெரியவந்தன. இன்றும் பள்ளியில் மின்னோட்டத்தின் திசையை ஒரு பக்கமாகவும் எலெக்ட்ரான்கள் ஓடும் திசையை எதிர்ப்பக்கமாகவும் மாணவர்கள் வரைகிறார்கள். மின்சாரம் அதனால் எவ்விதக் குறையும் அடையவில்லை. 'பாசிட்டிவ்' என்பது இங்கே வெறும் பெயர்ப்பலகை.

மருத்துவத் துறைக்குள் வந்தால், இந்தப் பெயர்ப்பலகை இன்னும் பல கதவுகளில் மாட்டப்பட்டிருப்பதைக் காணலாம். 1884-இல் டென்மார்க் நாட்டு மருத்துவர் கிராம் என்பவர் பாக்டீரியாக்களுக்குச் சாயமேற்றும் முறை ஒன்றை வெளியிட்டார். தடித்த செல்சுவரைக் கொண்ட பாக்டீரியாக்கள் ஊதாச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அவை 'கிராம் பாசிட்டிவ்'. மற்றவை சாயத்தை இழந்துவிடுகின்றன. அவை 'கிராம் நெகட்டிவ்'. பாலைத் தயிராக்கும் லாக்டோபேசில்லஸ் கிராம் பாசிட்டிவ் வகையைச் சேர்ந்தது. உயிரைக் குடிக்கும் ஆந்த்ராக்ஸ் கிருமியும் அதே வகைதான். நன்மை, தீமைக்கும் இந்த அடைமொழிக்கும் தொடர்பே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ரத்த வகையில் வரும் 'பாசிட்டிவ்' என்பதும் அத்தகையதே. கார்ல் லேண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனரும் 1940-இல் விளக்கிய ஆர்எச் காரணி ரத்தச் சிவப்பணுக்களின் மேல் காணப்படும் ஒரு பொருள். அது இருந்தால் பாசிட்டிவ்; இல்லாவிட்டால் நெகட்டிவ். நெகட்டிவ் ரத்தம் உடையவர்களுக்கு ரத்தத்தில் குறைபாடு என்று கருதி, பெண் பார்க்கும்போது மறைத்துவைக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அது குறைபாடு அன்று. நெகட்டிவ் ரத்தம் உள்ள தாய் பாசிட்டிவ் ரத்தம் உள்ள குழந்தையைச் சுமக்கும்போது, அடுத்த பேறுகளில் சிக்கல் வராமல் தடுக்க 'ஆன்டி-டி' ஊசி போட வேண்டும். அவ்வளவே. மறைப்பதால்தான் ஆபத்து, சொல்லிவிட்டால் ஆபத்தில்லை.

அறிவியலில் இத்தனை இடங்களில் பொதுவாக நிற்கும் பொருள் ஒன்றுதான்: 'கேட்ட கேள்விக்கு விடை ஆம்.' சாயம் பிடித்ததா? ஆம். அந்தக் காரணி இருக்கிறதா? ஆம். ஆகவே, ஒரு முடிவுத் தாளில் 'பாசிட்டிவ்' என்று கண்டவுடன் எழவேண்டிய முதல் வினா, எந்தக் கேள்விக்கு இது விடை என்பதே.

இந்த வினாவை எழுப்பாமல் விடுவதால் நேரும் முதல் பிழை, 'பாசிட்டிவ்' என்றால் நல்லது என்று எண்ணுவது. அன்றாடப் பேச்சில் 'பாசிட்டிவா யோசி', 'பாசிட்டிவ் எனர்ஜி' என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது இயல்பு. பருவநிலை அறிவியலில் 'நேர் பின்னூட்டம்' என்றொரு தொடர் உண்டு. வடதுருவக் கடலின் வெண்பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வெப்பம் கூடிப் பனி உருகினால், அடியிலுள்ள கருநிறக் கடல்நீர் அந்த ஒளியை உள்வாங்குகிறது; அதனால் வெப்பம் மேலும் கூடுகிறது; மேலும் பனி உருகுகிறது. விளைவே காரணத்தை வளர்த்துவிடும் இந்தச் சுழலுக்குத்தான் 'பாசிட்டிவ்' என்னும் அடைமொழி. கட்டுரைகளில் இது 'ஆக்கபூர்வமான பின்னூட்டம்' என்று மொழிபெயர்க்கப்பட்டதைக் கண்டு நான் திகைத்ததுண்டு. உலகை அச்சுறுத்தும் ஒரு நிகழ்வு பாராட்டுச் சொல்லாக மாறிவிடுகிறது.

இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது: மருத்துவமனையில் 'பாசிட்டிவ்' என்றால் கெட்டது, 'நெகட்டிவ்' என்றால் தப்பித்தோம் என்று எண்ணுவது. காசநோய்க்கான சளிப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். நுண்ணோக்கியில் கிருமி தென்பட வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் கண்ணுக்குச் சிக்காமல் போகலாம். ஆகவே, அங்கே 'நெகட்டிவ்' என்றால் 'நாங்கள் பார்த்த அளவில் காணவில்லை' என்றுதான் பொருள். 'இல்லை' என்று பொருளன்று. கிருமியின் மரபணுக்கூறைத் தேடும் நவீனக் கருவிகள் வந்ததன் காரணமே இந்த இடைவெளியை அடைப்பதுதான். 'நெகட்டிவ்' என்ற சொல்லை நம்பி, இருமலோடு மாதக்கணக்கில் வீட்டிலிருந்து, மனைவி மக்களுக்கும் நோயைப் பரப்பியவர்கள் உண்டு.

மூன்றாவது பிழைதான் மிகக் கொடியது. 'பாசிட்டிவ்' என்றால் உறுதி என்று கொள்வது. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. கட்டுரையின் தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட சோதனையின் வரலாறும் அதுவே.

1906-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் வான் வாசர்மேன் என்ற அறிவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் சிபிலிஸ் நோயை ரத்தத்தில் கண்டறியும் சோதனையை அறிமுகப்படுத்தினர். நோய்க்கிருமி நிறைந்த திசுவின் சாற்றை அவர்கள் பயன்படுத்தினார்கள். நோயாளியின் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் அந்தக் கிருமியோடு வினைபுரிவதாகவே எண்ணினார்கள். சில ஆண்டுகளிலேயே ஒரு விந்தை புலப்பட்டது. நோயே இல்லாத திசுவின் சாற்றைப் பயன்படுத்தினாலும், மாட்டின் இதயத் திசுவைப் பயன்படுத்தினாலும் சோதனை அப்படியே வேலை செய்தது. அதாவது, சோதனை கிருமியைத் தேடவே இல்லை. உடலின் திசுக்களில் இயல்பாகவே உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் அது தேடிக்கொண்டிருந்தது. 'கார்டியோலிபின்' என்னும் அந்தப் பொருளை 1941-இல் மேரி பாங்பார்ன் என்ற அமெரிக்க அறிவியலாளர் பிரித்தெடுத்தார்.

அந்த எதிர்ப்பொருள் சிபிலிஸ் நோயாளிகளுக்கு மட்டுமா உருவாகிறது? இல்லை. மலேரியா, தொழுநோய், லூபஸ் போன்ற நோய்கள் உள்ளவர்களுக்கும் உருவாகலாம். சில வேளைகளில் கருவுற்ற பெண்களுக்கும் உருவாகலாம். அவர்கள் அனைவரும் இச்சோதனையில் 'பாசிட்டிவ்' ஆவார்கள். இதற்கிடையே, அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1935-இல் திருமணத்துக்கு முன்பு இந்நோய்க்கான சோதனையைக் கட்டாயமாக்கியது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டதுதான். ஆனால், நலமாக இருந்தவர்களை ஆயிரக்கணக்கில் சோதிக்கத் தொடங்கியதும், நோயில்லாமலே 'பாசிட்டிவ்' ஆனவர்களும் கூடவே வெளிப்பட்டனர். சோதனை கேட்ட கேள்வி ஒன்று. சமூகம் அதற்குக் கொண்ட பொருள் வேறு. இன்றைய வி.டி.ஆர்.எல். சோதனை அந்தப் பழைய சோதனையின் வழித்தோன்றல். மலிவானது, விரைவானது, கருவிலுள்ள குழந்தைகள் பலரைக் காப்பாற்றுவது. எனினும், அதன் 'ஆம்' ஒரு முதல்கட்ட 'ஆம்' மட்டுமே. அந்தக் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடும் வேறொரு சோதனை அதைச் சரிபார்க்க வேண்டும்.

நலமாக இருப்பவர்களைச் சோதிக்கும்போது ஏன் இவ்வாறு நேர்கிறது? ஒரு சிறு கணக்கால் இதை விளக்கலாம். எண்கள் யாவும் எடுத்துக்காட்டுக்கானவை. 10,000 பேர் கொண்ட ஊரில் 10 பேருக்கு ஒரு நோய் இருப்பதாகக் கொள்வோம். நம் சோதனை மிகச் சிறந்தது; நோயுள்ள 100 பேரில் 99 பேரைச் சரியாகப் பிடித்துவிடும்; நோயில்லாத 100 பேரில் 99 பேரைச் சரியாக விட்டுவிடும். ஊர் முழுவதையும் சோதித்தால் நோயுள்ள 10 பேரும் அகப்படுவார்கள். ஆனால், நோயில்லாத 9,990 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் சுமார் 100 பேரும் தவறாக அகப்படுவார்கள். 'பாசிட்டிவ்' என்று தாள் பெறும் 110 பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் 10 பேர்தான். அதாவது, பதினொருவரில் ஒருவர்.

அதே சோதனையை, நோய்க்கான அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்த 10,000 பேரிடம் செய்வோம். அவர்களில் 1,000 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். இப்போது நோயுள்ளவர்களில் 990 பேரும், நோயில்லாத 9,000 பேரில் 90 பேரும் அகப்படுவார்கள். 1,080 பேரில் 990 பேருக்கு உண்மையிலேயே நோய். அதாவது, பன்னிருவரில் பதினொருவர். சோதனை ஒன்றே, தாளில் அச்சான சொல்லும் ஒன்றே. ஆனால், அந்தச் சொல்லின் கனம் யாரைச் சோதித்தோம் என்பதைப் பொறுத்து இவ்வளவு மாறிவிடுகிறது.

இதற்குத் தீர்வும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. முதல் ஊரில் அகப்பட்ட 110 பேரை, அதே அளவு துல்லியமான வேறொரு முறையில் மீண்டும் சோதித்தால், தவறாக அகப்பட்ட 100 பேரில் ஏறத்தாழ ஒருவர் மட்டுமே எஞ்சுவார். நோயுள்ள 10 பேரும் அப்படியே இருப்பார்கள். பதினொருவரில் ஒருவர் என்றிருந்தது, பதினொருவரில் பதின்மர் என்றாகிவிடும். அதே சோதனையை மறுபடி செய்வதால் இந்தப் பயன் கிட்டாது. முதல் சோதனையை ஏமாற்றிய காரணம் எதுவோ அது இரண்டாவதையும் ஏமாற்றும். வேறு வழியில் தேடும் சோதனை தேவை என்பது அதனால்தான்.

அறிவியலாளர்கள் இதை நன்கறிந்தே செயல்படுகிறார்கள் என்பதற்கு நம் சென்னையே சான்று. 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் சென்னையில் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டபோது, அவற்றுள் ஆறு மாதிரிகள் எச்.ஐ.வி.க்கு 'பாசிட்டிவ்' என்று காட்டின. இந்தியாவில் இந்தக் கிருமி கண்டறியப்பட்ட முதல் நிகழ்வு அது. ஆனால், அந்த ஆறு 'ஆம்'களை வைத்துக்கொண்டே அவர்கள் முடிவுக்கு வந்துவிடவில்லை. மாதிரிகள் அமெரிக்காவில் வேறொரு முறையில் மறுசோதனை செய்யப்பட்ட பிறகே முடிவு உறுதியாயிற்று. இன்றும் அறிகுறி இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதாக நம்பிக்கை மையங்களில் அறிவிக்க வேண்டுமானால், மூன்று வெவ்வேறு வகைச் சோதனைகளும் 'ஆம்' என்றாக வேண்டும். முதல் 'ஆம்' சொல்லப்பட்டதும் கதவைச் சாத்துவது சமூகம்தான், ஆய்வகம் அன்று.

இன்னோர் எடுத்துக்காட்டும் மனத்தை விட்டு அகலாதது. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடினால் 'பாசிட்டிவ்' என்றே வரும். குழந்தைக்குத் தொற்று இல்லாவிட்டாலும் அப்படித்தான் வரும். ஏனெனில், அந்த எதிர்ப்பொருள் தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியே வந்தது. மறைவதற்கு ஒன்றரை வயது வரைகூட ஆகலாம். அங்கே கேட்ட கேள்வி குழந்தையைப் பற்றியது. விடை சொன்னது தாயின் ரத்தம். கிருமியையே நேரடியாகத் தேடும் சோதனைதான் குழந்தையைப் பற்றிய உண்மையைச் சொல்லும். இதை அறியாதவர்களின் பார்வையில் ஒரு பச்சிளங்குழந்தை பிறந்த நாளிலேயே முத்திரை குத்தப்பட்டுவிடுகிறது.

கரோனா காலத்தில் நாம் அனைவரும் இந்தச் சொல்லோடு வாழ்ந்தோம். நோயிலிருந்து மீண்டு வாரங்கள் கடந்த பிறகும் சிலருக்கு ஆர்டி-பிசிஆர் சோதனை 'பாசிட்டிவ்' என்றே காட்டியது. தீநுண்மியின் மரபணுத் துணுக்குகள் எஞ்சியிருந்தாலே அந்தச் சோதனை 'ஆம்' சொல்லும். அந்தத் துணுக்கு உயிர்ப்புள்ள கிருமியினுடையதா, சிதைந்துபோனதன் மிச்சமா என்று அது கேட்பதில்லை. 'மரபணுக்கூறு உள்ளதா?' என்ற கேள்விக்குக் கிடைத்த விடையை, 'இவர் பிறருக்குத் தொற்றைத் தருவாரா?' என்ற கேள்விக்கான விடையாக எடுத்துக்கொண்டு, நலமடைந்தவர்களையும் தள்ளிவைத்த தெருக்களை நாம் கண்டோம்.

இங்கேதான் தமிழில் நாம் கையாளும் சொற்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஊடகங்களில் 'தொற்று உறுதி' என்பது நிலைத்துவிட்ட தொடர். ஒரே ஒரு முதல்கட்டச் சோதனை முடிந்திருந்தாலும் 'உறுதி', மூன்று சோதனைகள் முடிந்திருந்தாலும் 'உறுதி' என்றே எழுதுகிறோம். ஆங்கிலச் சொல் சொல்லாத ஒன்றை நம் மொழிபெயர்ப்பு கூடுதலாகச் சொல்லிவிடுகிறது. 'நேர்மறை' என்பது மற்றொரு தமிழாக்கம். அது பரவலாக வழங்கிவிட்டது. அதை விலக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால், அதன் உள்ளே ஒரு விந்தை இருக்கிறது. தமிழிலக்கணத்தில் 'மறை' என்றாலே மறுப்பு என்றுதான் பொருள்.

பவணந்தி முனிவரின் நன்னூல் விடைகளை எட்டாக வகுக்கிறது. பள்ளியில் நாம் அனைவரும் படித்ததுதான். 'கடைக்குப் போவாயா?' என்று கேட்டால் 'போக மாட்டேன்' என்பது மறை விடை. 'போவேன்' என்பது நேர் விடை. நேரும் மறையும் எதிரெதிரானவை. இரண்டையும் ஒட்டி 'நேர்மறை' என்று ஆக்கிக்கொண்டோம். ஆனால், ஆய்வகச் சொல்லின் உண்மையான பொருளை 'நேர் விடை', 'மறை விடை' என்னும் அந்தப் பழைய சொற்கள் எவ்வளவு துல்லியமாகத் தாங்கி நிற்கின்றன! விடை என்று சொன்ன மாத்திரத்திலேயே அதற்கு முன் ஒரு வினா இருக்க வேண்டும் என்பது விளங்கிவிடுகிறது. விடையளித்தவர் தவறாகவும் சொல்லக்கூடும் என்பதற்கும் அதில் இடமிருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் நாம் தேடித் தேடிக் காணவேண்டிய பொருள் நம் இலக்கணத்தில் வெளிப்படையாகவே கிடக்கிறது.

முடிவுத் தாள்களில் இவ்விலக்கணச் சொற்களை அச்சிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுதுவோர் முதல்கட்டச் சோதனையோடு நின்றுவிட்ட செய்தியில் 'சோதனையில் தொற்று தென்பட்டது' என்று எழுதலாம். மறுசோதனையும் முடிந்த பிறகு 'உறுதி' என்று எழுதலாம். ஆய்வகங்கள் முதல்கட்ட முடிவுக்குக் கீழே, 'இது இறுதி முடிவன்று. மறுசோதனை தேவை' என்று தமிழில் ஒரு வரி சேர்க்கலாம். எங்கள் ஆய்வகத்தில் அந்தப் பெண்ணின் நிகழ்வுக்குப் பிறகு முதல்கட்டச் சோதனைகளுக்கு 'பாசிட்டிவ்' என்பதை விடுத்து, 'வினைபுரிந்தது' என்ற பொருளைத் தரும் 'ரியாக்டிவ்' என்ற சொல்லையே அச்சிட்டோம். அதன் கீழே அந்தத் தமிழ் வரியையும் சேர்த்தோம். நோயாளிகள் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்: இந்தச் சோதனை எதைத் தேடுகிறது? நோய் இல்லாதபோதும் இது எப்போது 'ஆம்' சொல்லும்? இதைச் சரிபார்க்கும் அடுத்த சோதனை எது?

ஓர் எச்சரிக்கையும் தேவை. 'பாசிட்டிவ்' என்பது உறுதியன்று என்பதைப் பிடித்துக்கொண்டு, மறுசோதனையிலும் உறுதியான நோயை மறுப்பதும் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் பெரும்பிழை. காசநோய் இன்று முறையான மருந்துகளால் குணமாகக்கூடியது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் நாள்தோறும் மருந்து உட்கொண்டு நெடுங்காலம் நலமாக வாழ்கிறார்கள். ஐயம் கொள்வதன் நோக்கம் அடுத்த சோதனைக்குப் போவதே ஆகும், வீட்டுக்குள் ஒளிந்துகொள்வதன்று.

உறுதியான பிறகும் அந்தச் சொல் ஒரு மனிதரின் பெயராகிவிடக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பாகுபடுத்துவதைத் தடைசெய்து, ஒப்புதலின்றிச் சோதிப்பதையும் முடிவைப் பிறருக்கு வெளியிடுவதையும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2017-இல் நிறைவேற்றியது. 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் ரத்தம் ஒரு கேள்விக்கு அளித்த விடை அவருக்கே உரியது என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம்.

அந்த இளம்பெண்ணின் இரண்டாவது தாளிலும் நான்தான் கையொப்பமிட்டேன். அதைப் பெற்றுக்கொள்ள அவருடைய தாய் மட்டும் வந்திருந்தார். 'அப்படியானால் முன்பு வந்தது பொய்யா?' என்று கேட்டார். பொய்யில்லை, அது வேறு கேள்விக்கான விடை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், 'இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே' என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நேர் விடையும் இல்லை, மறை விடையும் இல்லை. அன்று சொல்லத் தவறியதைத்தான் இன்று எழுதியிருக்கிறேன்.